பயிரே வேலிக்குச் சொந்தமாக இருந்த காலம்

நீங்கள் எழுதியிருப்பது இது: சாப்ளினின் ‘தி கிட்’ படத்தில் அவர் எடுத்து வளர்க்கும் அந்தச் சின்னப் பையன் லட்ச லட்சமாகச் சம்பாதித்தும், பெற்ற தாயே அதையெல்லாம் சுருட்டிவிட்டதால் கடைசியில் பிச்சையெடுத்துச் செத்தானாமே, வேலியே பயிரை மேய்ந்த கதைதானே இது, என்று. அதற்குக் கீழே போகிற போக்கில் சேர்த்ததுபோல் இன்னொரு வரி. அக்கா மகளுக்கு ஏழு வயது, ஒரு துணிக்கடை விளம்பரத்தில் நடிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், வீட்டில் யோசிக்கிறார்கள். எனக்கென்னவோ நீங்கள் கேட்க வந்ததே இந்தக் கடைசி வரிதான் என்று தோன்றுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

அந்தப் பையன் பிச்சையெடுத்துச் சாகவில்லை. 69 வயதுவரை வாழ்ந்தார், கடைசிவரை நடித்தார், டிவியில் இரண்டாம் முறையும் புகழ் பெற்றார். பணம் போனது உண்மை. பெரும்பகுதி போய்விட்டது. வேலி பயிரை மேய்ந்தது என்ற இடத்தில்தான் நான் முரண்படுகிறேன். அன்றைய கலிபோர்னியாவில் பயிரே வேலிக்குச் சொந்தம். அம்மா செய்தது திருட்டு என்று கோர்ட்டில் நிரூபிப்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லாமல் இருந்தது. இந்தக் கதையில் என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் அதுதான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் சென்னையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆடிட்டராக இருக்கிறேன். வக்கீல் கிடையாது. என் கட்சிக்காரர்களில் சில சின்னத் தயாரிப்பாளர்களும், பிள்ளைகள் சீரியலிலும் விளம்பரத்திலும் நடிக்கும் சில குடும்பங்களும் உண்டு. அமெரிக்கச் சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான், கையாண்ட அனுபவம் இல்லை. காலேஜ் நாளில் ஃபிலிம் சொசைட்டி திரையில் ‘தி கிட்’ பார்த்ததிலிருந்து இந்தப் பையன் மேல் ஒரு தனிப் பிரியம். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர் ஜாக்கி கூகன். 1914 அக்டோபர் 26-ல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் மேடைக்காரர்கள். வோட்வில் என்று அந்த நாளில் ஒரு மேடை வகை இருந்தது. பாட்டு, ஆட்டம், கோமாளித்தனம், வித்தை எல்லாம் ஒரே ராத்திரியில் அடுத்தடுத்து வரும். நம்மூர் நாடகக் கம்பெனிப் பிள்ளைகள் மாதிரி இவரும் மேடைத் திரைக்குப் பின்னாலேயே வளர்ந்தவர். 1919-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஆர்ஃபியம் என்ற அரங்கில் அப்பா ஆடி முடித்ததும் நாலு வயதுப் பிள்ளை மேடைக்கு வந்து உடம்பைக் குலுக்கி ஆடும் ஷிம்மி ஆட்டம் போட்டது. பார்வையாளர்களில் சாப்ளினும் இருந்தார்.

அப்புறம் நடந்ததைச் சாப்ளினே தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். கதை சொல்வதில் அவர் மன்னர் என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடேயே எடுத்துக்கொள்ளுங்கள். நகைச்சுவை நடிகர் ஆர்பக்கிள் கூகனை ஒப்பந்தம் செய்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, இந்தப் பிள்ளையை வைத்து என்னவெல்லாம் எடுத்திருக்கலாம் என்று நாள் முழுக்கப் புலம்பினாராம். கடைசியில் பார்த்தால் ஒப்பந்தமானது அப்பா கூகன். பிள்ளையைத் தர முடியுமா என்று கேட்டதும் அப்பா ஒரு நொடிகூட யோசிக்காமல் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். சாப்ளினுக்கு அந்த வருஷம் ஜூலையில்தான் முதல் குழந்தை பிறந்து மூன்றே நாளில் இறந்திருந்தது. அதனால்தான் இந்தப் படம் என்று பலர் எழுதுவார்கள். தேதிகள் பொருந்துகின்றன. அதற்கு மேல் ஒருவர் மனசுக்குள் நடந்ததை நான் கணக்கெழுத முடியாது.

படத்தில் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி, பையனை அநாதை விடுதிக்குத் தூக்கிப்போக வண்டி வருவது. கைகளை நீட்டி அவன் கதறும்போது, பேச்சில்லாத அந்தப் படத்தில் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும். அன்று பிள்ளை குஷியாக இருந்ததால் அழுகை வரவே இல்லையாம். நான் அழ வைக்கிறேன் என்று அப்பா கூகன் முன்வந்து, இப்போது அழாவிட்டால் நிஜமாகவே உன்னை விடுதிக்கு அனுப்பிவிடுவோம் என்று மிரட்டியிருக்கிறார். பிள்ளை கதறித் தீர்த்தது. காட்சி முடிந்ததும் சாப்ளின் தூக்கிச் சமாதானம் செய்தால், அப்பா விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று எனக்குத் தெரியும் என்று காதில் கிசுகிசுத்ததாம். இதுவும் சாப்ளின் சொன்னதுதான். படித்த நாளிலிருந்து அந்தக் காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

படம் 1921-ல் வந்தது. ஆறு வயதில் உலகம் முழுக்கத் தெரிந்த முகமாகிவிட்டார். அந்த அளவில் முதல் குழந்தை நட்சத்திரம் இவர்தான் என்று தயங்காமல் சொல்லலாம். 1922-ல் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ படத்தில் ஆலிவர் வேஷம். அடுத்த வருஷம் மெட்ரோ படக் கம்பெனிக்கு மாறினார். மாறியதற்கே 5 லட்சம் டாலர் என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. ஃபோர்டு கம்பெனியின் மலிவான மாடல் டி கார் 300 டாலரைச் சுற்றி விற்ற காலம் அது என்றால் கணக்கு புரியும். படம் தவிர அவர் முகத்தைப் போட்டுப் பொம்மை, விசில், எழுதுபொருள், கடலை வெண்ணெய் என்று விற்காத சாமான் இல்லை. குடும்பம் அவர் பேரிலேயே ஒரு தயாரிப்புக் கம்பெனி தொடங்கியது. ஆடிட்டர் கண்ணுக்கு இந்த இடம் முக்கியம். கம்பெனியின் பேர் பிள்ளையுடையது. அதன் கட்டுப்பாடு பெற்றோருடையது.

1924-ல் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆர்மீனிய, கிரேக்க அகதிக் குழந்தைகளுக்காக நிதி திரட்டிய நியர் ஈஸ்ட் ரிலீஃப் என்ற தொண்டு அமைப்புக்காக அவரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஊர் ஊராக அழைத்துப்போனார்கள். பத்து லட்சம் டாலருக்கு மேல் மதிப்புள்ள உணவும் துணிமணியும் சேர்ந்தன. ரோமில் போப் பதினோராம் பயஸ் அவரைச் சந்தித்தார். அநாதைகளுக்காக ஊரைக் கூட்டிய அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் சொந்தப் பேரில் அப்போது எவ்வளவு பணம் இருந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சட்டப்படி பதில், பூஜ்யம்.

பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். சினிமாவுக்கு அது பிடிக்காது. 1927-ல் அவருடைய புகழ்பெற்ற அந்த நீள முடியை வெட்டுவதையே ஒரு படமாக்கிக் காசு பார்த்தார்கள். 1930-ல் டாம் சாயராகவும் அடுத்த வருஷம் ஹக்கிள்பெரி ஃபின் கதையிலும் பேசும் படங்களில் வந்தார். அப்புறம் வாய்ப்புகள் வற்றிவிட்டன. பதின்மூன்று பதினான்கு வயதில் முகம் நீண்டு குரல் உடைந்த குழந்தை நட்சத்திரத்துக்கு நடப்பது நம்மூரிலும் அதேதான். அதில் யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை.

1935 மே மாதம் இந்தக் கதையின் முதுகெலும்பு ஒடிந்த மாதம். அப்பாவும் மகனும் இன்னும் மூன்று பேரும் சான் டியேகோவுக்குக் கிழக்கே மலைப்பாதையில் காரில் வந்துகொண்டிருந்தபோது வண்டி உருண்டது. அப்பா இறந்தார். ஜாக்கியின் நண்பனும் ஹக்கிள்பெரி ஃபின்னாக அவரோடு நடித்தவருமான ஜூனியர் டர்கினும் இறந்தார். பிழைத்தது ஜாக்கி ஒருவர் மட்டும். அந்த அக்டோபரில் அவருக்கு 21 வயது முடிந்தது. அன்றைய சட்டப்படி மேஜர். சம்பாதித்து வைத்த பணம் கைக்கு வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. குடும்பத்தின் வரவு செலவைக் கவனித்துவந்த ஆர்தர் பெர்ன்ஸ்டைன் என்பவரை அம்மா லிலியன் பிறகு மணந்துகொண்டார். மகன் கேட்டபோதெல்லாம் கதவு சாத்தப்பட்டது. 1938 ஏப்ரலில், 23 வயதில், அம்மாவின் மேலும் மாற்றாந்தந்தையின் மேலும் வழக்குப் போட்டார்.

அம்மாவின் பதிலைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அவனுக்கு எதையும் தருவதாக யாரும் ஒருபோதும் வாக்குக் கொடுக்கவில்லை என்றார். கேமரா முன்னால் அவன் விளையாடிக்கொண்டிருந்தான், வேலை செய்வதாக அவனே நினைக்கவில்லை என்பது போன்ற வாதமும் வந்தது. அதைப் படித்து ஊர் முழுக்கக் கொதித்தது. ஆனால் கொதிப்பு வேறு, சட்டம் வேறு. இங்கிலாந்திலிருந்து வந்த பழைய வழக்கம் ஒன்று கலிபோர்னியாவின் சிவில் சட்டத்திலும் இருந்தது. மைனர் பிள்ளையின் உழைப்பும் கூலியும் அதை வளர்க்கும் பெற்றோருக்குச் சேரும். பண்ணை வீட்டுப் பிள்ளை அறுவடைக் கூலியை அப்பாவிடம் கொடுப்பதை மனதில் வைத்து உருவான விதி அது. வாரத்துக்கு ஆயிரக்கணக்கில் வாங்கும் ஏழு வயது நட்சத்திரத்துக்கும் அதே விதி பொருந்தும் என்று அதை எழுதியவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள். பெற்றோரின் சொந்தப் பணத்தைப் பெற்றோர் வைரத்திலும் ஃபர் கோட்டிலும் காரிலும் போட்டால் அதைக் கையாடல் என்று எப்படிச் சொல்வது?

சரி, எவ்வளவு பணம்? 30 முதல் 40 லட்சம் டாலர் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள். அது மதிப்பீடு, தணிக்கை செய்த தொகை கிடையாது. மொத்த வரவுக்கும் நிகர வரவுக்கும் வித்தியாசம் பார்க்காமல் சொன்னது போலத்தான் எனக்குப் படுகிறது. வரி, ஏஜென்ட் கமிஷன், சொந்தப் படத்தின் தயாரிப்புச் செலவு, ஒரு பெரிய குடும்பத்தின் பதினைந்து வருஷ வீட்டுச் செலவு எல்லாம் அதற்குள் கழிய வேண்டும். நடுவில் 1929-ன் பங்குச் சந்தை வீழ்ச்சி வேறு. ஆகவே 40 லட்சமும் பீரோவில் இருந்து அம்மா எடுத்துச் செலவழித்தார் என்ற சித்திரம் மிகை. உறுதியாகச் சொல்லக்கூடியது முடிவில் இருந்த தொகை. 1939-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தபோது மிஞ்சியிருந்த சொத்து சுமார் இரண்டரை லட்சம் டாலர். அதில் பாதி, ஏறக்குறைய 1,26,000 டாலர் ஜாக்கிக்கு வந்தது.

அப்பா நல்லவர், மகனுக்காகச் சேர்த்து வைத்தார், மாற்றாந்தந்தை வந்துதான் எல்லாம் கெட்டது என்று ஒரு கதையும் உண்டு. ஜாக்கியே அப்படி நம்பினார். இருக்கலாம். ஆனால் அப்பா உயிரோடு இருந்த பதினான்கு பதினைந்து வருஷத்தில் மகன் பேரில் யாரும் கைவைக்க முடியாத ஒரு டிரஸ்ட் கணக்கை அவர் தொடங்கி வைத்திருந்தால் 1938-ல் வழக்கே வந்திருக்காது. நல்ல எண்ணம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. என் அலுவலகத்துக்கு ஒரு தகப்பனார் வந்தார். மகள் சீரியலில் நடித்து வந்த பணத்தில் தன் பேரில் ஃப்ளாட் புக் செய்திருந்தார். பாப்பா பேரில் ஏன் போடவில்லை என்று கேட்டேன். “எல்லாம் அவளுக்குத்தானே சார், எதுக்குத் தனியா?” என்றார். மனுஷர் நல்லவர், பொய் சொல்லவில்லை. அப்பா கூகனும் இதையேதான் சொல்லியிருப்பார் என்று அன்று தோன்றியது.

வழக்கு நடந்த காலத்தில் ஜாக்கிக்குக் குடும்பமும் இருந்தது. பின்னால் உலகப்போர்க் காலத்தில் சிப்பாய்களின் கனவுக்கன்னியான பெட்டி கிரேபிள்தான் அவருடைய முதல் மனைவி. 1937-ல் கல்யாணம், 1939-ல் விவாகரத்து. கையில் பணமில்லாத நாட்களில் சாப்ளின் உதவினார் என்பதும் உண்மை. எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு ஆளுக்கொரு தொகை சொல்வார்கள், நான் எதையும் எழுதப்போவதில்லை.

அடுத்து வருவது நம் நாட்டைத் தொடும் பகுதி. பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு முன்பே, 1941 மார்ச்சில் அவர் ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். கிளைடர் ஓட்டப் பழகினார். எஞ்சின் இல்லாத விமானம் அது. இன்னொரு விமானம் கயிறு கட்டி இழுத்துப்போய் நடுவானில் அவிழ்த்துவிடும், ஓட்டுகிறவர் ஒரே வாய்ப்பில் தரையிறக்கியாக வேண்டும். 1943 கடைசியில் இந்தியா வந்தார். 1944 மார்ச் 5 இரவு அஸ்ஸாமின் லாலாகாட் விமானதளத்திலிருந்து கிளைடர்கள் கிளம்பின. ஜப்பானியப் படைகளுக்குப் பின்னால், பர்மாக் காட்டுக்குள் ஒரு வெட்டவெளியில், பிரிட்டிஷ் ஜெனரல் விங்கேட்டின் சிண்டிட் என்ற காட்டுப்போர்ப் படையினரை இருட்டில் கொண்டுபோய் இறக்க வேண்டும். பல கிளைடர்கள் மோதி நொறுங்கின, ஆட்கள் செத்தார்கள். கூகன் இறக்கிவிட்டுத் திரும்பினார். வீட்டில் தோற்றுப்போன பிள்ளை என்று மட்டும் அவரை நினைக்கிறவர்களிடம் இந்த ராத்திரியைத்தான் நான் சொல்வது வழக்கம்.

போருக்குப் பிறகு சின்னச் சின்ன வேஷங்கள், டிவி. வழுக்கைத் தலை, பருத்த உடம்பு, பழைய தொப்பிப் பையனின் சாயல் துளியும் இல்லை. 1964 முதல் 1966 வரை ஓடிய ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ தொடரில் அங்கிள் ஃபெஸ்டர் இவர்தான். வாயில் பல்பை வைத்தால் எரியுமே, அந்த மனிதர். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நெட்ஃபிளிக்ஸில் ‘வெட்னஸ்டே’ பார்த்திருந்தால் அதில் வரும் சித்தப்பா பாத்திரத்தின் பழைய வடிவம். 1972-ல் சாப்ளின் இருபது வருஷத்துக்குப் பிறகு அமெரிக்கா திரும்பியபோது இருவரும் சந்தித்துக் கட்டிக்கொண்ட புகைப்படம் கிடைக்கும், தேடிப் பாருங்கள். 1984 மார்ச் 1-ல் சாண்டா மோனிகாவில் இதயக் கோளாறால் இறந்தார். பேரன் கீத் கூகனும் சின்ன வயதிலேயே நடிக்க வந்தவர்.

இனி சட்டம். ஊர் கொதித்ததன் விளைவாக 1939-ல் கலிபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. கூகன் சட்டம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அது வேலை செய்த விதம் சுவாரசியமானது. அங்கே மைனர் போட்ட ஒப்பந்தத்தை அவனே பின்னால் வேண்டாம் என்று உதறலாம். கம்பெனிகளுக்கு அது பயம். கோர்ட் ஒப்புதல் வாங்கிவிட்டால் உதற முடியாது. அப்படி ஒப்புதலுக்கு வரும்போது, சம்பளத்தில் பாதிவரை பிள்ளை பேரில் ஒதுக்கும்படி நீதிபதி உத்தரவிடலாம் என்றார்கள். யோசனை நல்லதுதான், ஆனால் ஓட்டைகள் பெரிது. ஒப்புதலுக்கே போகாத சின்ன ஒப்பந்தங்களை அது தொடவில்லை. ஒதுக்கச் சொல்வது நீதிபதியின் விருப்பம். எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளம் பெற்றோருக்கே சொந்தம் என்ற பழைய விதி அப்படியே இருந்தது.

ஓட்டை எவ்வளவு பெரிது என்பதற்கு 1930-களின் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் சாட்சி. 32 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்ததில் தனக்கு மிஞ்சியது சுமார் 44 ஆயிரம் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா வங்கியில் வேலை பார்த்தவர்! அரை நூற்றாண்டு கழித்து கேரி கோல்மன் என்ற டிவி நடிகர் 1989-ல் பெற்றோர் மேல் வழக்குப் போட்டு 1993-ல் 12.8 லட்சம் டாலர் தீர்ப்பு வாங்கினார். ஒரு வழியாக 2000 ஜனவரி 1 முதல் சட்டத்தைத் திருத்தினார்கள். பிள்ளை சம்பாதித்தது பிள்ளையின் சொத்து. மொத்தச் சம்பளத்தில் 15 சதவீதத்தைக் கம்பெனியே நேராகப் பூட்டிய கணக்கில் கட்ட வேண்டும், 18 வயதுவரை யாரும் தொட முடியாது. வேலி பயிர் கணக்கு மாறியது அன்றுதான், கூகன் இறந்து பதினாறு வருஷத்துக்குப் பின்னால். 2024-ல் யூடியூப், இன்ஸ்டாகிராமில் காசு பார்க்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் கலிபோர்னியா இதை விரிவாக்கியது. அந்த வேலையை அதற்கு முந்தைய வருஷமே இல்லினாய் மாநிலம் தொடங்கியிருந்தது.

இப்போது உங்கள் அக்கா மகள். நம் நாட்டில் 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி மைனர் போடும் ஒப்பந்தம் செல்லவே செல்லாது. 1903-ல், அன்று நமக்கும் மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், மோஹரி பீபி வழக்கில் அதை உறுதியாக்கியது. பாதுகாப்பாகத் தோன்றும் இந்த விதிக்கு ஒரு பக்கவிளைவு உண்டு, இதை நான் தொழிலில் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் கையெழுத்துக்கு மதிப்பில்லை என்பதால் கம்பெனி அப்பாவிடமோ அம்மாவிடமோ கையெழுத்து வாங்கிக்கொள்கிறது, செக்கும் அவர் பேரிலேயே போகிறது. கோர்ட் பக்கம் போகவேண்டிய அவசியமே யாருக்கும் வருவதில்லை. இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பியது குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தமும் 2017-ல் வந்த விதிகளும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை விளம்பரம், சினிமா, சீரியலில் நடிக்கலாம், சர்க்கஸ் கூடாது. படப்பிடிப்புக்கு முன்னால் தயாரிப்பாளர் மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்கி, படிவம் ‘சி’ என்ற உறுதிமொழி கொடுக்க வேண்டும். ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் கூடாது, தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளை பேரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் நேராக ஃபிக்சட் டெபாசிட்டாகப் போட வேண்டும். மேஜரானதும் அது பிள்ளைக்கு.

காகிதத்தில் கலிபோர்னியாவின் 15-ஐ விட நம் 20 பெரிது. நடைமுறையில், என்னிடம் வந்த குடும்பங்களில் பாதிப் பேர் இந்த விதியைக் கேள்விப்பட்டதே இல்லை. அது என் மேஜைக்கு வந்தவர்களின் கணக்கு மட்டுமே, நாடு முழுக்க இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். மீதி 80 சதவீதத்தைப் பெற்றோர் எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று அந்த விதி சொல்வதும் இல்லை.

வரி விஷயம் என் வீடு, அதனால் கொஞ்சம் தெளிவாகச் சொல்கிறேன். மைனரின் வருமானத்தைப் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவரின் கணக்கில் சேர்ப்பதுதான் பொது விதி. 1961 சட்டத்தின் 64(1ஏ) பிரிவாக நான் பழகியது. ஆனால் பிள்ளை தன் திறமையால் சம்பாதித்தது அதில் சேராது. நடிப்புச் சம்பளம் உங்கள் அக்கா மகளின் சொந்த வருமானம், அவள் பேரில் பான் எடுத்து அவள் பேரிலேயே காட்ட வேண்டும். பலர் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது: அந்தப் பணத்தை டெபாசிட்டில் போட்டு வரும் வட்டி திறமையால் வந்ததாக ஆகாது. வட்டி மட்டும் பெற்றோர் கணக்குக்குப் போகும். ஒரே பிள்ளை, ஒரே பணம், இரண்டு ரிட்டர்ன்.

நடிக்க வைக்கலாமா வேண்டாமா என்று நான் சொல்லப்போவதில்லை, அது உங்கள் வீட்டு விஷயம். வைப்பதென்றால், கால்ஷீட் பேசும்போதே ஆட்சியர் அனுமதியின் நகலைக் கேளுங்கள். துணிக்கடைக்காரர் இல்லையென்றால் விளம்பரக் கம்பெனி, யாராவது ஒருவர் வாங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் ஷூட்டிங்குக்கு எதற்கு சார் அதெல்லாம் என்பார்கள். அவர்கள் அப்படிச் சொன்னால் நீங்களும் யோசியுங்கள். பாப்பா பேரில் வங்கிக் கணக்கை முன்பே தொடங்கிவிட்டு, எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள். டெபாசிட் ரசீது வந்ததும் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா, பிறந்த தேதி சரியா என்று பாருங்கள். ரசீதை யார் பீரோவில் வைப்பது என்பதை உங்கள் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் பேசிக்கொள்ளட்டும், அதில் நான் தலையிடவில்லை.